104-க்கு 11: டாக்கா விழும் முன் ஐ.நா.வில் நடந்த போர்

1971 டிசம்பர் 7 அன்று ஐ.நா. பொதுச்சபையில் இந்தியா படுதோல்வி அடைந்தது. உடனே சண்டையை நிறுத்த வேண்டும், இந்தியாவும் பாகிஸ்தானும் தங்கள் படைகளை அவரவர் எல்லைக்குள் திருப்பி அழைக்க வேண்டும் என்று கேட்ட தீர்மானத்துக்கு 104 நாடுகள் கை தூக்கின. எதிர்த்தவை 11. அந்தப் பதினொன்றில் இந்தியாவையும், அந்த ஆண்டு செப்டம்பரில்தான் ஐ.நா.வில் சேர்ந்திருந்த பூட்டானையும் கழித்துவிட்டால் மிச்சமெல்லாம் மாஸ்கோவும் அதன் தோழர்களும்தான்: சோவியத் யூனியன், ஐ.நா.வில் தனி இருக்கை வைத்திருந்த உக்ரைனும் பைலோரஷ்யாவும் (இன்றைய பெலாரஸ்), போலந்து, ஹங்கேரி, பல்கேரியா, செக்கோஸ்லோவாகியா, மங்கோலியா, கியூபா. நேருவோடு தோளுரசி நின்ற டிட்டோவின் யூகோஸ்லாவியாவும் நாசரின் எகிப்தும்கூட எதிர்ப்பக்கம் போய்விட்டன.

அந்த வாக்கெடுப்பு நடந்து ஒன்பதாவது நாள், டாக்கா ரேஸ் கோர்ஸ் மைதானத்தில், கிழக்கு பாகிஸ்தானில் இருந்த பாகிஸ்தான் படைகளின் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் நியாசி சரணடைவுப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். சுமார் 93,000 பேர் கைதிகளாக இந்தியாவின் பிடிக்குள் வந்தார்கள். வங்கதேசம் என்ற நாடு உலகப் படத்தில் நிலைத்தது.

இதைப் போர்க்களத்திலிருந்து சொன்னவர்கள் நம்மிடையே ஏராளம். டாக்காவுக்கு வடக்கே டாங்காயில் என்ற ஊரில் பாராசூட்டில் குதித்தது, கராச்சித் துறைமுகத்தை ஏவுகணைப் படகுகள் தாக்கியது எல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். நியூயார்க்கில் அதே நாட்களில் நடந்தது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. எந்த வட்டாரத்தில் போர் மூண்டாலும் 'இரு தரப்பும் நிதானம் காக்க வேண்டும்', 'உடனடிப் போர்நிறுத்தம் வேண்டும்' என்று தலைநகரங்களிலிருந்து அறிக்கைகள் வருகின்றனவே, அவை உண்மையில் என்ன வேலை செய்கின்றன என்று புரிந்துகொள்ள இதைவிடத் துலக்கமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. சண்டையை நிறுத்தச் சொல்லும் குரல் சண்டைக்கு வெளியே நின்று ஒலிப்பதுபோலத் தோன்றும். 1971இல் அது சண்டைக்கு உள்ளேதான் இருந்தது. எந்த நாளில் நிறுத்துவது, நிறுத்தும்போது கூடவே எதைச் செய்யச் சொல்வது என்பதில்தான் ஒரு நாட்டின் பிறப்பே தொங்கிக்கொண்டிருந்தது.

நிதானம் யாருக்கு?

டிசம்பருக்கு முன் எட்டு மாதம் ஓடியிருந்தது. 1970 டிசம்பர் பொதுத்தேர்தலில் கிழக்கு பாகிஸ்தானுக்கான 169 இடங்களில் 167ஐ ஷேக் முஜிபுர் ரகுமானின் அவாமி லீக் கட்சி வென்றது. மொத்த நாடாளுமன்றத்திலும் அதற்கே பெரும்பான்மை. முஜிப் பிரதமராகியிருக்க வேண்டும். பாகிஸ்தானின் ராணுவ ஆட்சியாளர் ஜெனரல் யாஹியா கான் அவையைக் கூட்டுவதைத் தள்ளிப்போட்டார். 1971 மார்ச் 25 இரவு டாக்காவில் ராணுவத்தை இறக்கினார். முஜிப் கைதாகி மேற்கே கொண்டுசெல்லப்பட்டார். ஆண்டு முடிவதற்குள் இந்திய எல்லையைத் தாண்டி வந்த அகதிகள் ஏறக்குறைய ஒரு கோடி என்றது டெல்லியின் கணக்கு.

இந்தக் கட்டத்தில் 'கொலையை நிறுத்துங்கள்' என்று யாஹியா கானிடம் வெளிப்படையாகச் சொன்ன வல்லரசு ஒன்றுதான். சோவியத் தலைவர் பாட்கோர்னி ஏப்ரல் 2 அன்று அவருக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்கா வாயைத் திறக்கவில்லை. டாக்காவிலிருந்த அமெரிக்கத் துணைத் தூதரக அதிகாரிகளே பொறுக்க மாட்டாமல், துணைத் தூதர் ஆர்ச்சர் பிளட் தலைமையில், தங்கள் அரசின் மௌனத்தைக் கண்டித்து ஏப்ரல் 6 அன்று வாஷிங்டனுக்குத் தந்தி அனுப்பினார்கள். மௌனத்தின் காரணம் ஜூலையில் தெரிந்தது. அதிபர் நிக்சனின் பாதுகாப்பு ஆலோசகர் கிஸ்ஸிஞ்சர் பாகிஸ்தான் வழியாக ரகசியமாகப் பெய்ஜிங் போய் வந்தார். சீனாவின் கதவைத் திறந்துவிட்டவர் யாஹியா கான். அவரிடம் போய் யார் கண்டிப்புக் காட்டுவார்கள்?

ஐ.நா. பொதுச்செயலாளர் ஊ தாண்ட் சும்மா இருந்தார் என்று சொல்ல முடியாது. ஜூலை 20 அன்று, நிலைமை பெரிய போராக வெடிக்கலாம் என்று பாதுகாப்பு கவுன்சில் தலைவருக்கு ரகசியக் குறிப்பு ஒன்றை அனுப்பினார். கவுன்சில் கூடவே இல்லை. எல்லையின் இரு பக்கமும் அகதிகள் ஆணையத்தின் பிரதிநிதிகளை நிறுத்தலாம் என்று யோசனை சொன்னார். பாகிஸ்தான் ஒப்புக்கொண்டது, இந்தியா மறுத்தது. அக்டோபரில் இருவருக்கும் நடுவே பேசத் தயார் என்றார். அதுவும் நகரவில்லை.

இந்தியா ஏன் மறுத்தது? டெல்லி வெளியே சொன்ன காரணம் நியாயமானது. அகதிகளைத் துரத்தியது ஒரு நாடு, சோறு போடுவது இன்னொரு நாடு. இருவரையும் ஒரே தட்டில் வைத்து, இருவர் எல்லையிலும் பார்வையாளரை நிறுத்துவது என்ன நீதி? இந்த விவகாரம் யாஹியாவுக்கும் அவருடைய சொந்தக் குடிமக்களுக்கும் இடையிலானது. அதை இந்திய-பாகிஸ்தான் எல்லைத் தகராறாக மாற்றினால் முஜிப் காணாமல் போய்விடுவார். சொல்லாத காரணமும் ஒன்று இருந்தது. வங்காள விடுதலைப் படையான முக்தி பாகினிக்கு இந்திய மண்ணில் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. எல்லையில் ஐ.நா. ஆட்கள் நின்றால் அது படுத்துவிடும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அன்றைய டெல்லி புரியும். நம்மூர் எழுத்தில் முதல் காரணம் மட்டுமே வரும், பாகிஸ்தான் எழுத்தில் இரண்டாவது மட்டுமே வரும்.

'இரு தரப்பும்' என்ற அந்தச் சொற்றொடரைத்தான் இங்கே கவனிக்க வேண்டும். நடுநிலைமைக்காகப் போடப்படுவது அது. ஆனால் மூன்றாவது தரப்பு ஒன்று இருக்கும்போது, அந்தத் தரப்பை இல்லாமல் ஆக்கிவிடும் வேலையையும் அதுவே செய்கிறது. டிசம்பர் 4 அன்று பாதுகாப்பு கவுன்சில் கூடியபோது, வங்கதேசப் பிரதிநிதிகளையும் அழைத்துக் கேட்போம் என்றார் சோவியத் தூதர் மாலிக். சீனா எதிர்த்தது. விஷயம் ஒத்திப்போடப்பட்டது. அவர்கள் குழுவின் தலைவர் நீதிபதி அபு சயீத் சௌத்ரி நியூயார்க்கில்தான் இருந்தார். யாருடைய ஊர் எரிந்ததோ அவர்களுக்கு மேஜையில் இடமில்லை.

டெல்லி ஏற்கெனவே சூடு கண்டிருந்தது

இந்திரா காந்தியின் அரசு போர்நிறுத்தத்தைக் கண்டு அவ்வளவு பயந்ததற்கு முன்கதை உண்டு. 1948 ஜனவரி 1 அன்று காஷ்மீர் விவகாரத்தை ஐ.நா.வுக்குக் கொண்டுபோனது இந்தியாவேதான். சரியாக ஓராண்டு கழித்து, 1949 ஜனவரி 1 அன்று போர்நிறுத்தம் வந்தது. அன்று துருப்புகள் நின்ற இடத்தில் ஒரு கோடு போட்டார்கள். தற்காலிகக் கோடு என்றார்கள். இன்றுவரை அந்தக் கோடு, சிற்சில மாற்றங்களோடு, அங்கேயே கிடக்கிறது.

1965இல் வேறு அனுபவம். அந்த செப்டம்பரில் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் ஆச்சரியமாக ஒரே பக்கம் நின்றன. பாதுகாப்பு கவுன்சில் 209, 210, 211 என்று அடுத்தடுத்து தீர்மானம் போட்டது. வாஷிங்டனும் லண்டனும் இருவருக்கும் ஆயுதம் தருவதை நிறுத்தின. ஊ தாண்ட் ராவல்பிண்டிக்கும் டெல்லிக்கும் நேரில் வந்தார். செப்டம்பர் 23 அதிகாலையில் துப்பாக்கிகள் ஓய்ந்தன. 1966 ஜனவரி 10 அன்று தாஷ்கண்டில் கையெழுத்தாகி, காஷ்மீரில் ரத்தம் சிந்திப் பிடித்த ஹாஜி பீர் கணவாயை இந்தியா திருப்பிக் கொடுத்தது. அன்றிரவே அங்கே லால் பகதூர் சாஸ்திரி மாரடைப்பில் இறந்தது அந்த ஒப்பந்தத்தின் மேல் நிரந்தரமாக ஒரு சோகத்தை ஏற்றிவிட்டது.

1965இன் போர்நிறுத்தம் பலித்ததற்கு அறிக்கையின் உருக்கம் காரணமில்லை. வல்லரசுகள் ஒன்றுபட்டிருந்தன, ஆயுதக் குழாய் மூடப்பட்டது, இரு தரப்பாலும் அதற்கு மேல் பெரிதாக எதையும் வெல்ல முடியவில்லை. இதில் எது இல்லாவிட்டாலும் என்ன ஆகும் என்பதற்கு ஆறே ஆண்டில் விடை கிடைத்தது.

1971இல் டெல்லி அதற்கு முன்கூட்டியே தயாரானது. ஆகஸ்ட் 9 அன்று வெளியுறவு அமைச்சர்கள் ஸ்வரண் சிங்கும் குரோமிகோவும் கையெழுத்திட்ட இந்திய-சோவியத் நட்புறவு ஒப்பந்தத்தை ஆயுத உதவியாகவும் சீனாவுக்கு எதிரான அரணாகவும் மட்டுமே பார்ப்பது வழக்கம். பாதுகாப்பு கவுன்சிலில் ஒரு வீட்டோவை, அதாவது எந்தத் தீர்மானத்தையும் தனியாகவே தடுத்துவிடும் நிரந்தர உறுப்பினரின் வாக்கைக் கையிருப்பாக வைத்துக்கொண்டதும் அதன் பலன்தான். பிறகு இந்திரா காந்தி அக்டோபர், நவம்பரில் மேற்கு நாடுகளின் தலைநகரங்களைச் சுற்றிவந்தார். வாஷிங்டனில் நிக்சனோடு நடந்த பேச்சு கசப்பில் முடிந்தது. எல்லையிலிருந்து படைகளைப் பின்வாங்கலாம் என்று அங்கே சொல்லப்பட்டது. அகதிகள் திரும்பிப் போக வழி என்ன என்பதற்கு மட்டும் பதில் இல்லை.

நவம்பர் மூன்றாம் வாரத்திலேயே இந்தியப் படைகள் கிழக்கு எல்லையைத் தாண்டி மோத ஆரம்பித்திருந்தன. 'டிசம்பர் 3 மாலை பாகிஸ்தான் விமானங்கள் நம் விமானதளங்களைத் தாக்கின, போர் தொடங்கியது' என்ற வாக்கியம் தவறில்லை. ஆனால் அதோடு நிறுத்துவது அரைக்கதைதான்.

மூன்று வீட்டோ

டிசம்பர் 4 இரவு. பாதுகாப்பு கவுன்சிலில் அமெரிக்காவுக்காகப் பேசியவர் பிற்காலத்தில் அதிபரான ஜார்ஜ் புஷ், அதாவது அப்பா புஷ். சீனாவின் இருக்கையில் ஹுவாங் ஹுவா. பெய்ஜிங்குக்கு அந்த இருக்கை கிடைத்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. இந்தியாவுக்காக சமர் சென், பாகிஸ்தானுக்காக ஆகா ஷாஹி. அமெரிக்க வரைவு கேட்டது இரண்டு: உடனே போர்நிறுத்தம், உடனே படை வாபஸ். ஆதரவு 11, எதிர்ப்பு 2, பிரிட்டனும் பிரான்ஸும் வாக்களிக்கவில்லை. எதிர்த்த இருவரில் ஒருவர் சோவியத் என்பதால் தீர்மானம் செத்தது. மறுநாள் எட்டு நாடுகள் சேர்ந்து கொஞ்சம் மாற்றி எழுதிக் கொண்டுவந்தன. அதே 11-2-2, அதே முடிவு.

இடையில் மாஸ்கோவும் ஒரு வரைவு வைத்தது. கிழக்கு பாகிஸ்தானில் அரசியல் தீர்வு காணுங்கள், சண்டை தானாக நிற்கும் என்பது அதன் சாரம். ஆதரவு இரண்டே வாக்கு, சீனா எதிர்ப்பு, மீதி 12 நாடுகளும் ஒதுங்கிக்கொண்டன. இரண்டு வரைவுகளையும் பக்கத்தில் வைத்தால் மொத்தச் சண்டையும் தெரிந்துவிடும். ஒன்றில் போர்நிறுத்தம் இருக்கிறது, போருக்கான காரணம் இல்லை. மற்றதில் காரணம் இருக்கிறது, போர்நிறுத்தத்துக்கு நாள் குறிக்கவில்லை. முதலாவது நிறைவேறியிருந்தால் என்ன நடந்திருக்கும்? இந்தியப் படை திரும்பிப் போகும், நியாசியின் படை டாக்காவிலேயே இருக்கும், முஜிப் சிறையில் இருப்பார், ஒரு கோடிப் பேர் கூடாரங்களில் இருப்பார்கள். ஆனால் துப்பாக்கிச் சத்தம் நின்றிருக்கும். அதைச் சாதனை என்று சொல்லிக்கொண்டு கவுன்சில் அடுத்த விஷயத்துக்குப் போயிருக்கும்.

கவுன்சில் முட்டிக்கொண்டு நின்றதால் டிசம்பர் 6 அன்று விவகாரம் பொதுச்சபைக்குத் தள்ளிவிடப்பட்டது. அங்கே வீட்டோ கிடையாது. மறுநாள்தான் அந்த 104-11. இதே டிசம்பர் 6 அன்று இந்தியா வங்கதேசத்தை அங்கீகரித்ததை நேரக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அதுவரை இந்தியா அந்நிய மண்ணில் நிற்கும் படை. அங்கீகரித்த பிறகு, ஓர் அரசின் அழைப்பில் உடன் நிற்கும் படை. உலகம் அந்த வாதத்தை ஏற்கவில்லை என்றாலும், வாபஸ் வாங்கு என்பவர்களுக்குச் சொல்ல டெல்லிக்கு ஒரு பதில் கிடைத்தது. வாஷிங்டன் அன்றே இந்தியாவுக்கான பொருளாதார உதவியை நிறுத்தியது.

அந்த 104 நாடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பக்கத்து நூல்களில் அவை ஏமாந்தவை, விலைபோனவை என்ற தொனி வருவதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்கு சுதந்திரம் வந்து பத்து ஆண்டுதான் ஆகியிருந்தது. காலனிக்காரன் கோணல்மாணலாகப் போட்டுவிட்டுப் போன எல்லைகள், உள்ளே பத்துப் பதினைந்து இனங்கள். நைஜீரியாவில் பயாஃப்ரா போர் முடிந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. பக்கத்து நாடு படையோடு வந்து ஒரு மாகாணத்தைப் பிரித்துக் கொடுக்கலாம் என்பதை ஒருமுறை ஒத்துக்கொண்டால், அடுத்து யார் வீட்டுக் கதவு தட்டப்படும்? அவர்கள் யாஹியாவுக்கு வாக்களிக்கவில்லை. தங்கள் எல்லைக்கோட்டுக்கு வாக்களித்தார்கள். வங்காளிகள் பக்கம் இருந்த நியாயம் அவர்கள் கண்ணில் படாமல் இருந்திருக்காது. அதைவிட அவர்களுடைய பயம் பெரியது.

கொழும்பின் சங்கடம்

இலங்கையும் அந்த 104இல் ஒன்று. சிறிமாவோ பண்டாரநாயக்க அரசின் நிலை தனிச் சிக்கல். 1971 ஜனவரியில் நடந்த விமானக் கடத்தலைத் தொடர்ந்து, பாகிஸ்தான் விமானங்கள் தன் வான்வெளியில் பறக்க இந்தியா தடை போட்டிருந்தது. மேற்கிலிருந்து கிழக்குக்குப் போக வேண்டிய பாகிஸ்தான் விமானங்கள் தீபகற்பத்தைச் சுற்றி, கொழும்பில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு டாக்கா போயின. ஏப்ரலில் இலங்கையில் இடதுசாரி ஜே.வி.பி.யின் கிளர்ச்சி வெடித்தபோது இந்தியாவும் பாகிஸ்தானும் இரண்டுமே அவருக்கு ஹெலிகாப்டர் அனுப்பி உதவின. யாரைப் பகைத்துக்கொள்வது? எரிபொருள் விஷயம் டெல்லிக்கு நன்றாக உறைத்தது; ஆனாலும் கொழும்பைப் பகிரங்கமாக அது நெருக்கவில்லை.

இன்னொரு விசித்திரம். இந்தியப் பெருங்கடலை அமைதி வலயமாக அறிவிக்க வேண்டும் என்று இலங்கை கொண்டுவந்த தீர்மானத்தைப் பொதுச்சபை நிறைவேற்றிய நாள் 1971 டிசம்பர் 16. அன்றுதான் டாக்காவில் சரணடைவு. அன்று வங்காள விரிகுடாவில் அமெரிக்காவின் அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பல் என்டர்பிரைஸ் மிதந்துகொண்டிருந்தது.

கடைசி ஏழு நாள்

பொதுச்சபைத் தீர்மானம் யாரையும் சட்டப்படிக் கட்டுப்படுத்தாது. ஆனால் டெல்லியில் அதன் எண் எல்லோருக்கும் கேட்டது. பாகிஸ்தான் டிசம்பர் 9 அன்றே தீர்மானத்தை ஏற்றுக்கொண்டது. இனி ஒவ்வொரு நாளும் இந்தியாதான் நிறுத்த மறுக்கும் நாடு. இந்தியத் தளபதிகளின் போர்முறையிலேயே இந்த நெருக்கடி தெரிகிறது. நகரங்களைப் பிடிப்பதில் நேரத்தைச் செலவிடாமல், அவற்றைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். டாக்காதான் ஆரம்பத்திலிருந்தே இலக்கா, அல்லது ஒரு பெரிய நிலப்பரப்பைப் பிடித்து அதில் வங்கதேச அரசை அமர்த்துவதோடு நிறுத்துவதாக இருந்தார்களா என்று அன்றைய தளபதிகளே பிற்பாடு சண்டை போட்டுக்கொண்டார்கள். எப்படி இருந்தாலும், ஐ.நா. எந்த நேரமும் கையைப் பிடித்துவிடும் என்ற எண்ணம் எல்லோர் மனதிலும் இருந்தது.

டிசம்பர் 10 அன்று டாக்காவிலிருந்து ஒரு கதவு திறந்தது. கிழக்கில் நிர்வாகத்தைக் கவனித்த மேஜர் ஜெனரல் ராவ் ஃபர்மான் அலி, அங்கிருந்த ஐ.நா. அதிகாரி பால் மார்க் ஆன்றியிடம் ஒரு கடிதம் கொடுத்தார். தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளிடம் ஆட்சியைக் கொடுக்கிறோம், போரை நிறுத்துங்கள், எங்கள் படையைக் கௌரவமாக மேற்கே அனுப்புங்கள், ஆனால் சரணடைவு பற்றிப் பேச்சே இல்லை என்றது கடிதம். அது நியூயார்க்கை எட்டியதும் யாஹியா கான் அதைத் தன்னுடையதில்லை என்று திரும்பப் பெற வைத்தார். அவருக்கு அப்போது வேறொரு நம்பிக்கை: அமெரிக்கா தெற்கிலிருந்தும் சீனா வடக்கிலிருந்தும் வரும்.

அந்த நம்பிக்கைக்குத் தீனி போட்டது வாஷிங்டன்தான். அதே டிசம்பர் 10 அன்று கிஸ்ஸிஞ்சர் நியூயார்க்கில் ஹுவாங் ஹுவாவை ரகசியமாகச் சந்தித்து, சீனா ஏதாவது செய்தால் அமெரிக்கா பின்னால் நிற்கும் என்று உணர்த்தினார். என்டர்பிரைஸ் தலைமையிலான கப்பல் அணிக்கு உத்தரவு போனது. சீனா அசையவில்லை, ஐ.நா.வில் ஆதரவு தருவதோடு நிறுத்திக்கொண்டது. பகலில் புஷ் கவுன்சிலில் நிதானம் பற்றிப் பேசுகிறார். இன்னொரு அறையில் இன்னொரு வல்லரசைப் போருக்குள் இழுக்கும் பேச்சு நடக்கிறது. கிஸ்ஸிஞ்சர் பின்னாளில் இதற்குக் கொடுத்த விளக்கம், இந்தியா மேற்கு பாகிஸ்தானையும் உடைத்துவிடும் என்று அஞ்சினோம் என்பது. அந்த அச்சம் முழுக்கப் பாசாங்கு என்று சொல்ல மாட்டேன். மாஸ்கோவுக்கே அது இருந்தது. சோவியத் துணை வெளியுறவு அமைச்சர் குஸ்நெட்சோவ் டிசம்பர் 12 அன்று டெல்லி வந்து இறங்கினார். மேற்கில் எல்லை தாண்டிப் போகும் எண்ணம் இல்லை என்ற உறுதி அவருக்கு வேண்டியிருந்தது. கிழக்கில் சீக்கிரம் முடியுங்கள் என்பதும் உடன் இருந்தது. எத்தனை தடவைதான் வீட்டோ போடுவது?

மூன்றாவது வீட்டோ டிசம்பர் 13 அன்று விழுந்தது. மறுநாள் போலந்து ஒரு வரைவைச் சுற்றுக்கு விட்டது. முஜிப் தலைமையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிடம் அதிகாரம் போக வேண்டும், அது தொடங்கியதும் 72 மணி நேரப் போர்நிறுத்தம், பாகிஸ்தான் படைகள் குறிப்பிட்ட இடங்களில் கூடி வெளியேற வேண்டும், அதன்பின் இந்தியப் படைகளும் விலக வேண்டும். அதுவரை வந்த வரைவுகளிலேயே காரணத்தையும் நிறுத்தத்தையும் ஒன்றாகக் கட்டியது இதுதான். பாகிஸ்தானுக்கு இதில் ஒரு லாபம் இருந்தது: சரணடைவும் இல்லை, போர்க்கைதிகளும் இல்லை. டெல்லிக்கும் இது உவப்பாக இருந்திருக்காது. ஆனால் சோவியத் அணியிலிருந்தே வந்ததை எப்படி எதிர்ப்பது?

டெல்லியைக் காப்பாற்றியவர் சுல்பிகர் அலி புட்டோ. துணைப் பிரதமர், வெளியுறவு அமைச்சர் என்ற பொறுப்புகளோடு நியூயார்க் வந்திருந்த அவர், டிசம்பர் 15 அன்று கவுன்சிலில் கொதித்துப் பேசி, கையிலிருந்த காகிதங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு வெளியேறினார். கிழித்தது போலந்துத் தீர்மானத்தை என்று ஊர் முழுக்கச் சொல்வார்கள். அவர் கிழித்தது தன்னுடைய குறிப்புத் தாள்களை. ஏன் அப்படிச் செய்தார் என்பது பாகிஸ்தானில் இன்றும் காரசாரமான கேள்வி. பாதி நாட்டை எழுதிக் கொடுத்தவன் என்ற பெயர் தனக்கு வேண்டாம், ராணுவமே தோற்று அந்தப் பழியைச் சுமக்கட்டும் என்று கணக்குப் போட்டாரா? ஐந்து நாளில், டிசம்பர் 20 அன்று, மிச்ச பாகிஸ்தானுக்கு அவர் அதிபரானார் என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

அதற்குள் டாக்காவில் ஆட்டம் முடிந்துகொண்டிருந்தது. டிசம்பர் 14 அன்று ஆளுநர் மாளிகையை இந்திய மிக் விமானங்கள் தாக்க, ஆளுநர் மாலிக் பதவி விலகல் கடிதத்தை எழுதிவிட்டு இன்டர்கான்டினென்டல் ஹோட்டலுக்குள் தஞ்சம் புகுந்தார். அந்த ஹோட்டலைச் செஞ்சிலுவைச் சங்கம் நடுநிலைப் பகுதியாக அறிவித்து வைத்திருந்தது. இத்தனை பெரிய தீர்மானங்கள் எதுவும் நடக்காத இடத்தில், இரு படைகளும் மதித்த ஒரு சின்ன ஏற்பாடு அது.

அன்று மாலை நியாசி டாக்காவிலிருந்த அமெரிக்கத் துணைத் தூதர் ஸ்பிவாக்கிடம் போய், போர்நிறுத்தம் கேட்டு இந்தியாவுக்குச் செய்தி அனுப்பச் சொன்னார். செய்தி நேரே டெல்லிக்குப் போகவில்லை. வாஷிங்டன் போனது, அங்கே பாகிஸ்தான் தரப்பிடம் சரிபார்த்து, டெல்லியை அடையக் கிட்டத்தட்ட ஒரு நாள் ஆனது. உடனடிப் போர்நிறுத்தம் என்று பத்து நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த தலைநகரத்தின் மேஜையில், உண்மையான போர்நிறுத்தக் கோரிக்கை ஒன்று வந்து காத்துக் கிடந்தது! டாக்காவின் பேராசிரியர்கள், பத்திரிகையாளர்கள், மருத்துவர்கள் வீடுகளிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்ட நாட்கள் அவை. டிசம்பர் 14ஐ வங்கதேசம் அவர்கள் நினைவு நாளாக அனுசரிக்கிறது. ஒரு நாள் முந்தியிருந்தால் அவர்களில் யாராவது பிழைத்திருப்பார்களா என்று என்னால் சொல்ல முடியாது. கேள்வி வராமலும் இல்லை.

மானெக்‌ஷாவின் பதில் சுருக்கமானது. போர்நிறுத்தம் கிடையாது, சரணடையுங்கள் என்றார் இந்தியத் தரைப்படைத் தலைமைத் தளபதியான அவர். டிசம்பர் 15 மாலை 5 மணி முதல் டாக்கா மீது விமானத் தாக்குதல் நிற்கும். மறுநாள் காலை 9 மணி கெடு. 16ஆம் தேதி மாலை கையெழுத்தானது. அன்றே இந்திரா காந்தி மேற்கு முனையில் 17ஆம் தேதி இரவு 8 மணி முதல் இந்தியா தானாகவே போரை நிறுத்தும் என்று அறிவித்தார், யாஹியா ஏற்றார். ஐ.நா. கேட்டபோது கிடைக்காத போர்நிறுத்தம், வேண்டியது கிடைத்தபின் கேட்காமலே வந்தது.

தாமதமாக வந்த தீர்மானம்

பாதுகாப்பு கவுன்சில் கடைசியில் ஒரு தீர்மானம் போட்டது. 307ஆம் எண், டிசம்பர் 21, அதாவது துப்பாக்கிகள் ஓய்ந்து நான்கு நாள் கழித்து. 13 நாடுகள் ஆதரவு, சோவியத்தும் போலந்தும் ஒதுங்கின, யாரும் எதிர்க்கவில்லை. நடந்து முடிந்ததற்கு முத்திரை என்று அதைக் கேலி செய்தவர்கள் உண்டு. அதில் இரண்டு விஷயங்கள் இருந்தன: முடிந்த அளவு விரைவில் படைகள் விலக வேண்டும், ஜெனீவா உடன்படிக்கைகளை மதிக்க வேண்டும்.

இந்தியப் படை 1972 மார்ச்சில் வங்கதேசத்தை விட்டு வெளியேறியது. அவ்வளவு சீக்கிரம் வெளியேறியதில் முஜிப்பின் வற்புறுத்தலுக்கும் பங்குண்டு. வெளிநாட்டுப் படை நிற்கும் நாட்டை எத்தனை பேர் அங்கீகரிப்பார்கள்? ஜூலை 2 அன்று சிம்லாவில் இந்திராவும் புட்டோவும், இனி தகராறுகளை இருவருமாகவே பேசித் தீர்த்துக்கொள்வோம் என்று எழுதிக்கொண்டார்கள். 1971 டிசம்பரை நியூயார்க்கில் கழித்த டெல்லிக்கு அந்த வரி எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2025 மே 10 அன்று, தான் நடுவில் நின்று போரை நிறுத்தியதாக டிரம்ப் சமூக ஊடகத்தில் அறிவித்ததும், பாகிஸ்தானின் ராணுவ நடவடிக்கைத் தலைமை இயக்குநர் நம் இயக்குநரைத் தொலைபேசியில் அழைத்தார், இருவரும் பேசி முடித்தார்கள் என்று டெல்லி விடாப்பிடியாகச் சொன்னதன் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஆனால் அந்தத் தீர்மானங்கள் வெற்றுக் காகிதமாகவும் போய்விடவில்லை. 1972 ஆகஸ்ட் 25 அன்று வங்கதேசம் ஐ.நா.வில் சேர விண்ணப்பித்த வரைவு வாக்கெடுப்புக்கு வந்தபோது, சீனா எதிர்த்துக் கை தூக்கியது. பெய்ஜிங் அந்த இருக்கைக்கு வந்தபின் தனியாகப் போட்ட முதல் வீட்டோ அது. காரணமாகக் காட்டியது 1971இன் தீர்மானங்களைத்தான்: போர்க்கைதிகளை ஜெனீவா விதிப்படி இன்னும் விடுவிக்கவில்லையே? கைதிகள் இந்திய முகாம்களில் இருந்தார்கள். அவர்களில் 195 பேரைப் போர்க்குற்றத்துக்காக விசாரிக்க வேண்டும் என்று டாக்கா சொல்லிக்கொண்டிருந்தது. பாகிஸ்தானோ வங்கதேசத்தை அங்கீகரிக்க மறுத்தது. ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்ற இந்த முடிச்சு அவிழ 1974 ஆனது. பிப்ரவரியில் புட்டோ வங்கதேசத்தை அங்கீகரித்தார். ஏப்ரலில் மூன்று நாடுகளும் செய்துகொண்ட உடன்பாட்டில் 195 பேர் மீதான விசாரணையை டாக்கா கைவிட்டது. கடைசிக் கைதிகளும் வாகா வழியாக ஊர் திரும்பினார்கள். செப்டம்பர் 17 அன்று, இந்த முறை சீனா தடுக்காமல் இருக்க, வங்கதேசம் ஐ.நா.வில் உறுப்பினரானது.